பால் பாட்டிலும் ஒரு வெள்ளைக் கோடும்

அரியலூரிலோ பெரம்பலூரிலோ ஒரு செய்தி பிறந்தால், அதை முதலில் தூக்கிக் கொஞ்சுகிறவன் நானாகத்தான் இருப்பேன். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்தத் தலைமை எழுத்தர் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட எனக்கு மங்கையர்க்கரசி மேடம் இறந்த செய்தி மட்டும் ஒரு நாள் தாமதமாக வந்தது. கோடை விடுமுறைக்குக் குரும்பலூரில் என் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தேன். பெரம்பலூர் கசாப்புக்கடைக் காதர் பாய் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து வாசலில் இறங்கினார்.

"டீச்சரம்மா மௌத்தாயிட்டாங்க சார். நேத்து, திருச்சி ஆஸ்பத்திரியில. அரியலூருக்குக் கொண்டாந்துட்டாங்களாம்."

யார் சொன்னது என்று கேட்டேன். அரியலூர் பஸ்ஸில் வந்த கண்டக்டர் என்றார். கண்டக்டருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபது வருடப் பழக்கத்தில் நான் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டு அவர் பார்த்ததில்லை. பழைய ஆளாக இருந்திருந்தால் அந்நேரம் தெருவில் ஏழு வீட்டுக்குச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அரியலூர் பஸ்ஸைப் பிடித்தேன். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மேடத்திடம் விலங்கியல் படித்தவர்களுக்கும், அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவர் முயல்களுக்கு விடுதி முட்டைக்கோசைக் கொடுத்துவிட்டுச் சமையல்காரரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் இது போய்ச் சேர்ந்தால் போதும்.

மேடம் பாடம் நடத்திய அரியலூர் கல்லூரியில் நான் வேதியியல் துறை டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்கள் குழாயை உடைத்தால் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. நான் உடைத்தால் எழுதாமல் விடுவதும் என் வேலைதான். மேடம் எனக்கு நாலைந்து வயது இளையவர். ஜெயங்கொண்டம் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் செய்துகொள்ளவில்லை என்பதற்கு மூன்று வெவ்வேறு கதைகளை நானே உற்பத்தி செய்து பரப்பியிருக்கிறேன். மூன்றும் ஒரு நாள் அவர் காதுக்கே திரும்பி வந்தன. "இரண்டாவது கதை நல்லா இருக்குது சார். மத்தது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை" என்றார். அவ்வளவுதான். கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒத்துவருகிறதா இல்லையா என்பது மட்டும்தான் அவருக்குக் கணக்கு.

அவருடைய ஆராய்ச்சியோடு எனக்கு ஏற்பட்ட முதல் உறவு வாய் வழியாக நடந்திருக்கவேண்டியது. மயிரிழையில் தப்பினேன். ஒரு காலையில் ஆசிரியர் அறை மேசையில் அகல வாய் பிளாஸ்க் ஒன்று இருந்தது. யாருமில்லை. காபியாக இருக்கும் என்று டம்ளரில் சாய்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரோடு நீளநீளமாக வெள்ளைச் சேமியா விழுந்தது. பாயசம் என்றால் இன்னும் நல்லது என்று டம்ளரை உதட்டருகே கொண்டுபோனபோது சேமியா நெளிந்தது. நான் போட்ட சத்தத்தில் முதல்வர் அறைக்கதவு திறந்தது. ஓடி வந்த மேடம் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரை வாங்கி உள்ளே எண்ணினார். "ஒண்ணு குறையுது. முழுங்கிட்டீங்களா?" என்றார். ஒன்று மேசைக்கடியில் கிடந்தது. அதைக் கண்டுபிடிக்கும்வரை நான் வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன்.

அவை மாட்டின் வயிற்றுக்குள் வாழும் புழுக்கள். பெரம்பலூர் கசாப்புக் கூடத்தில் காதர் பாய் வாரம் இரண்டு நாள் எடுத்துக்கொடுப்பார். யானைக்கால் நோயைக் கொண்டுவரும் புழுவுக்கு இவை பங்காளி முறை. மனிதனுடைய புழுவை வெளியே எடுத்து ஆராய முடியாது என்பதால் மாட்டுப் புழுவை வைத்துக்கொண்டு வேலை செய்தார். பாய் முதலில், படித்த பெண் இதை எதற்குக் கேட்கிறார் என்று பயந்திருக்கிறார். பிறகு, டீச்சரம்மா வருவதற்குள் வெந்நீர் ஆறிவிடக்கூடாதே என்று அடுப்பிலேயே வைத்துக் காத்திருக்கும் அளவுக்கு ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார்.

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர்களில் அந்த நாளில் யானைக்கால் சாதாரணம். உங்களுக்குத் தெரியும். ரத்தத்தில் புழுக்குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க இராத்திரியில்தான் ரத்தம் எடுக்கவேண்டும். பகலில் அவை வெளியே தலைகாட்டாது. ஊர் தூங்கும் நேரத்தில் கதவைத் தட்டினால் யார் விரலை நீட்டுவார்கள்? கால் வீங்கிய பிறகுதான் பெரும்பாலோருக்கு விஷயம் தெரியும். அப்போது தெரிந்து பிரயோசனம் இல்லை. கால் வீங்குவதற்கு முன்னால், பட்டப்பகலில், ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கவேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம்.

அதற்கு அவர் ஒரு புரதத்தைக் குறிவைத்தார். புழு நெளிவதற்கு அந்தப் புரதம் வேண்டும். அதை ஒரு மருந்தால் அடக்கிவிட்டால் புழு அடங்கிவிடும். அதே புரதம் புழுவின் உடம்பிலிருந்து நோயாளியின் ரத்தத்திலும் கசிந்தால், அதைப் பிடித்து நோயைக் கண்டுபிடித்துவிடலாம். எனக்குப் புரியவைக்க அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "திருடன் வூட்டுச் சாவியும் அதுதான் சார், திருடன் நம்ம வாசல்ல விட்டுட்டுப் போன செருப்பும் அதுதான். ரெண்டும் ஒண்ணாங்கிறதத்தான் நான் பார்க்கணும்."

பார்க்கும் முறை எளிது. புழுக்களை அரைத்துச் சாறெடுத்து முயலுக்கு ஊசி போடுவார். முயலின் உடம்பு அதை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு முயலின் ரத்தநீரை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றிய கடல்பாசிக் கூழில் குடைக்கம்பித் துண்டால் துளை போட்டு, ஒரு துளையில் விடுவார். பக்கத்துத் துளையில் நோயாளியின் ரத்தநீர். அந்த எதிரி அதில் இருந்தால் மறுநாள் இரண்டு துளைக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு விழும். இல்லையென்றால் விழாது. முயலும் என்னைப் போலத்தான், ஒரு விஷயம் தெரிந்தால் சொல்லாமல் இருக்காது என்று அப்போது நினைத்தேன். முயல் எவ்வளவு தூரம் என்னைப் போல என்பது பிறகுதான் தெரிந்தது.

நோயுள்ள பகுதி ரத்தம் கொள்ளிடப் பக்கத்திலிருந்து வேண்டும். நோயில்லாத பகுதி ரத்தம் மேற்கே மலையோரத்து வறண்ட ஊர்களிலிருந்து வேண்டும். வேப்பந்தட்டைப் பக்கத்தை மேடமே எடுத்துக்கொண்டார். கல்லூரிச் சோதனைக்குழாய்களைக் கொதிக்கவைத்து, காயவைத்து, பஞ்சடைத்துத் துணிப்பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போவார். மீன்சுருட்டிப் பக்கத்தை நான் கேட்டு வாங்கினேன். ஆராய்ச்சி ஆர்வம் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் என் மாமியார் வீடு ஜெயங்கொண்டம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இறங்கிக்கொள்ளலாம். ஊசி குத்தி ரத்தம் எடுக்க ஒரு கம்பவுண்டர் வருவார். பெயர்களை நோட்டில் எழுதி, பாட்டிலில் நம்பர் மட்டும் போட்டுக் கொண்டுவருவது என் வேலை. யாருடைய ரத்தம் என்பது மேடத்துக்கே தெரியக்கூடாது என்பது அவர் வைத்த ஏற்பாடு. "உங்க பேரு வெளியில போகாது" என்று ஒவ்வொரு வீட்டிலும் அவர் சார்பில் நான்தான் வாக்குக் கொடுத்தேன். என்னைக்கொண்டு வாக்குக் கொடுக்கவைத்தது அவர் செய்த பிழைகளில் முதலாவது.

மீன்சுருட்டியில் அஞ்சலை என்று ஒருவர். வயல் வேலை. இரண்டு மாடு வைத்துப் பாலும் ஊற்றிவந்தார். இடது கால் முழங்கால்வரை வீங்கியிருக்கும். அந்தக் காலோடு நாற்று நடுவார். அவருடைய ரத்தத்தை எடுத்தபோது தன் மகள் தனத்தையும் இழுத்து உட்காரவைத்தார். "எங்கால் போனது போவட்டும். இதுக்கு வருமான்னு மட்டும் உங்க டீச்சரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார். தனத்துக்கு வேப்பந்தட்டையில் மாப்பிள்ளை பார்த்துப் பேச்சு முடிகிற நேரம். பெண்ணைப் பார்க்க வந்தவர்களின் கண் முதலில் அஞ்சலையின் காலில் விழுந்து, பிறகுதான் தனத்தின் முகத்துக்குப் போனதாம். அதனால் அவருக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது.

முடிவு வந்தபோது விலங்கியல் துறையே துள்ளியது. வேப்பந்தட்டை ரத்தம் ஒன்றில்கூடக் கோடு இல்லை. மீன்சுருட்டி ரத்தத்தில் பெரும்பாலானவற்றில் கோடு. தனத்தின் நம்பரிலும் பளிச்சென்று ஒரு கோடு. சென்னையில் நடக்கவிருந்த கருத்தரங்குக்குச் சுருக்கம் போய்விட்டது. மேடத்தின் வழிகாட்டிப் பேராசிரியர் இனிப்பு வாங்கிக் கொடுக்கச் சொன்னார். மேடம் மட்டும் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு சுத்தமாவா வரும்?" என்றார். நான், வந்தால் வாங்கிக்கொள்ளவேண்டியதுதானே என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பெரம்பலூர் பஸ் நிலையத்து டீக்கடையில் என் வாய் தன் வேலையைச் செய்தது. நான் பெருமையடித்துக்கொள்ளத்தான் ஆரம்பித்தேன். எங்கள் மேடம் பகலிலேயே கண்டுபிடிக்கிறார், பார்த்தால் ஆரோக்கியமாகத் தெரிகிறவர்களைக்கூட விடுவதில்லை என்றேன். பெஞ்சில் இருந்த ஒருவர், பார்த்தால் தெரியாதவர்களுக்கு இருக்கிறது என்று எப்படி நம்புவது என்று கேட்டார். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. மீன்சுருட்டி அஞ்சலை மகளுக்குக்கூட இருக்கிறதே, பார்த்தால் தெரியுமா என்று சொல்லிவிட்டேன். அவர் பாதி குடித்த டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். டீயை மீதி வைக்கிற ஆள் யாரென்று கடைக்காரரிடம் விசாரித்தேன். வேப்பந்தட்டை பெரியசாமி என்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா.

பத்து நாளில் அஞ்சலை கல்லூரிக்கு வந்தார். மீன்சுருட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, அரியலூர் நிலையத்திலிருந்து அந்தக் காலோடு நடந்து. மேடத்தின் ஆய்வறையில் நானும் இருந்தேன். அவர் உட்காரவில்லை.

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. எம் பொண்ணு ரத்தத்துல இருக்குதுன்னு உங்க ஆபீஸ்லேந்தே சொன்னாங்களாம். எங்கிட்டச் சொல்லாத சேதிய ஊருக்குச் சொல்றது என்னங்க நாயம்?"

மேடத்துக்கு அந்தப் பெயரே தெரியாது. அவருக்குத் தெரிந்தது நம்பர் மட்டும். அவர் என் பக்கம் திரும்பினார். நான் முயலைப் பார்த்தேன். முயல் முட்டைக்கோசைத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் கணத்தில் அதோடு இடம் மாறிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அஞ்சலை தண்ணீர் கேட்டார். மேடம் எடுத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுச் செம்பை மேசையில் வைக்கப் போனவர், அங்கே வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தார்.

"இதென்ன, எங்க சொசைட்டி சீசால்ல? எங்க மாட்டுப் பாலுக்கு இதுலதான மாதிரி எடுப்பாங்க."

இதை நான் மேடத்திடம் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது நடையிலேயே கல்லூரிக் குழாய்கள் தீர்ந்துபோய்விட்டன. திரும்பி வந்து கொதிக்கவைத்துக் காயவைத்து எடுத்துப்போக எனக்குச் சோம்பல். மீன்சுருட்டிப் பால் கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர் எனக்கு வெற்றிலைப் பழக்கம். உறுப்பினர்கள் ஊற்றும் பாலில் மாதிரி எடுத்து வைக்கும் சின்னப் பாட்டில்களில் ஒரு பெட்டி நிறைய வாங்கினேன். குழாயடியில் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை கழுவினேன். தடவை என்பதும் கொஞ்சம் மிகை. நண்பர் ஒருவர் கொடுத்த பாட்டில் என்று மட்டும் மேடத்திடம் சொல்லிவைத்திருந்தேன்.

மேடம் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "யார் கழுவினது?"

நான்தான் என்றேன்.

அஞ்சலையை உட்காரச் சொன்னார். "ஒரு நாள் டயம் கொடுங்கம்மா. எங்க பக்கம் தப்பு இருக்குதுன்னு நினைக்கிறேன். இருந்தா நானே வந்து சொல்றேன்" என்றார். அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து என் சட்டைக்கையை மடிக்கச் சொன்னார். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் குரும்பலூர். யானைக்கால் கொசு எட்டிப்பார்க்காத ஊர். ஒரே கையில், ஒரே ஊசியில் ரத்தம் எடுத்து, பாதியைக் கொதிக்கவைத்த சோதனைக்குழாயிலும் பாதியைப் பால் பாட்டிலிலும் விட்டார். மறுநாள் தகட்டைக் காட்டினார். குழாயில் நான் பரிபூரண ஆரோக்கியம். பாட்டிலில் நான் யானைக்கால்காரன். ஒரே மனிதன் ஒரே ஊசியில் இப்படி இரண்டாகப் பிரிந்தது மருத்துவ வரலாற்றில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கும்.

பிறகு கேன்டீனிலிருந்து காய்ச்சாத பால் ஒரு கரண்டி வாங்கிவரச் சொல்லி, அதை அப்படியே ஒரு துளையில் விட்டார். பாலுக்கும் முயலுக்கும் நடுவே, நோயாளி எவருக்கும் விழாத கனத்தில், சுண்ணாம்பு அடித்தாற்போல ஒரு கோடு.

நடந்தது இதுதான். புழுக்கள் மாட்டின் வயிற்றுநீரில் ஊறிக் கிடந்தவை. அவற்றை அரைத்தபோது மாட்டின் புரதமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முயல் புழுவை மட்டுமல்ல, மாட்டையும் எதிரியாகக் குறித்துக்கொண்டிருக்கிறது. நான் கழுவிய லட்சணத்தில் பாட்டிலின் உட்புறம் காய்ந்து ஒட்டியிருந்த பாலிலும் அதே மாட்டுப் புரதம். முயல் மாட்டைத்தான் காட்டிக்கொடுத்தது. நாங்கள் அதை மனிதனின் நோய் என்று படித்தோம். வேப்பந்தட்டையில் கோடு விழாததற்குக் காரணம் வறண்ட காற்று இல்லை; மேடம் குழாய்களைத் தானே கொதிக்கவைத்ததுதான்.

நான் அன்று அழுதேன் என்று எழுதினால் நண்பர்கள் நம்பமாட்டார்கள். ஆனாலும் அழுதேன். மேடம் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டார். அவர், கருத்தரங்கு முடியட்டும், சந்தேகமான பாட்டில்களை மட்டும் சத்தமில்லாமல் கழித்துவிடலாம் என்றாராம். மேடம் சொன்னது எனக்கு அறைக்கு வெளியிலேயே கேட்டது: "எது சந்தேகம் எது சந்தேகமில்லைன்னு எனக்குத் தெரியலைங்க சார். தெரியாததை எப்படிக் கழிக்கிறது?" அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகத் தந்தி அடித்தார். அதில் என் பெயரைப் போடவில்லை. எங்கள் பிழை என்று போட்டார். மூன்று வருட உழைப்பைக் கிழித்துப்போடும்போது அந்த 'எங்கள்' என்ற சொல்லை எழுத எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று நானும் என் வயதில் இப்போதுதான் யோசிக்கிறேன்.

என் தண்டனை மறுநாள் தொடங்கியது. "இந்த விஷயத்தை எத்தனை பேருகிட்டச் சொன்னீங்க? எழுதுங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எழுதினேன். இன்னொரு தாள் கேட்டேன். இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு, "இவங்க ஒவ்வொருத்தரையும் நேர்ல பார்த்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு வாங்க. சொன்ன வாயாலயே சொல்லணும். லெட்டர் கூடாது" என்றார். ஒரு மாதம் ஆயிற்று. ஒரு செய்தியைப் பரப்புவதைவிட அதைத் திரும்ப எடுத்துவருவது எத்தனை மடங்கு பாடு என்பதற்கு என் சைக்கிள் சாட்சி. வதந்தி கேட்டபோது பெஞ்சில் இடம் விட்டவர்கள், மறுப்புச் சொல்லப் போனபோது வேலை இருக்கிறது என்று எழுந்தார்கள். ஒருவர், "அப்ப வேற யாருக்கு இருக்குது?" என்று ஆவலாகக் கேட்டார்.

பெரியசாமி வீட்டுக்கு மட்டும் மேடம் தானும் வருவேன் என்றார். அதற்கு முன்னால் மீன்சுருட்டிக்குப் போய் அஞ்சலையிடம் நடந்ததைச் சொல்லி அவர் சம்மதத்தை வாங்கினார். பஸ்ஸில் போகும்போதே நான் கெஞ்சினேன். தனத்துக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கல்யாணம் நடந்துவிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்றேன்.

பெரியசாமி மோர் கொடுத்து உட்காரவைத்தார். மாப்பிள்ளைப் பையன் ராமர் கதவோரம் நின்றான். மேடம் பாட்டில் கதையை ஆதியிலிருந்து சொன்னார். எங்கள் சோதனை தப்பு, அதை வைத்து ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு என்றார். பெரியசாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சரிங்கம்மா. அப்ப அந்தப் பொண்ணுக்கு நோய் இல்லேன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துடுங்க. முடிச்சுடலாம்."

நான் மேடத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"முடியாதுங்க" என்றார் மேடம். "என் சோதனையை வச்சு இருக்குதுன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. அன்னைக்கு இருக்குதுன்னு சொன்னது பொய். இன்னைக்கு இல்லேன்னு சொன்னா அதுவும் அதே ஜாதிப் பொய்தான். இராத்திரி எடுக்கிற பழைய சோதனை இருக்குது. அதுக்குப் பொண்ணு சம்மதிச்சா, அது சொல்றதை நம்பலாம்."

காரியம் கெட்டது என்று நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். கதவோரம் நின்ற ராமர் முதன்முதலாக வாய் திறந்தான். "பெரியப்பா, நானும் ரெண்டு வருஷமா கரும்பு வெட்டுக்குக் கொள்ளிடப் பக்கந்தான போயிட்டு வரேன். எனக்கும் எடுக்கச் சொல்லுங்க."

மேடம் நோட்டை எடுத்து, "எடுக்கலாம் தம்பி. உங்க பேரு வேணாம், நம்பர் போட்டுக்கறேன்" என்றார். நோட்டை என்னிடம் கொடுக்கவில்லை.

இருவருக்கும் எடுத்தார்கள். என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது, மேடம் சொல்லவில்லை, நானும் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கவில்லை. தை மாதத்தில் மீன்சுருட்டியில் கல்யாணம் நடந்தது என்பது மட்டும் தெரியும். அஞ்சலையே கல்லூரிக்கு வந்து பத்திரிகை வைத்தார். மேடத்துக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். என்னிடம் நீட்டும்போது, "சாப்பிட வாங்க சார். பேச மட்டும் வராதீங்க" என்றார். போய் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து, வாயைச் சாப்பாட்டுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு வந்தேன்.

மேடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காதர் பாயிடமிருந்து வந்த புழுக்களை உப்புநீரில் திரும்பத் திரும்ப அலசினார். முயலின் ரத்தநீரில் முதலில் மாட்டு ரத்தத்தைக் கலந்து, மாட்டைப் பற்றி அது சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிடச் செய்தார். மிச்சம் இருப்பதுதான் புழுவைப் பற்றிய பேச்சு. கொள்ளிடப் பக்கமும் தானே போனார். இன்னும் நான்கு வருடங்கள். மெல்லிய கோடு ஒன்று மிஞ்சியது. அது நோயாளிகள் சிலருக்கு விழுந்தது, சிலருக்கு விழவில்லை. நோயில்லாத சிலருக்கும் விழுந்தது. புழுவின் அந்தப் புரதத்தை மருந்தால் அடக்கினால் புழு அசையாமல் நின்றது. ஆனால் அதே அளவு மருந்து மனித ரத்தத்தில் உள்ள அதேபோன்ற புரதத்தையும் அடக்கியது. சாவி எங்கள் வீட்டுப் பூட்டையும் திறந்தது. செருப்பு யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில், இந்தப் புரதம் தனியாக நோயைக் காட்டவும் பயன்படாது, மருந்துக்குக் குறியாகவும் ஆகாது என்று எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டியபோது, இத்தனை வருடம் போய் 'ஆகாது' என்று எழுதவா என்று கேட்டேன். "ஆகாதுன்னு தெரியாம இருந்துதே சார். இப்பத் தெரியுது" என்றார். அந்தக் குரலில் தோற்றவர் சாயல் துளியும் இல்லை. சில மாதம் கழித்து வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மாட்டுப் புழுவை வைத்து அவர்களும் தொடங்கவிருந்தார்களாம். இனி முதலில் மாட்டைக் கழுவிவிட்டுத் தொடங்குவோம் என்று நன்றி சொல்லியிருந்தார்கள். பட்டம் வாங்கியபோது சிரிக்காதவர் அன்று சிரித்தார். உடனே அடுத்த புரதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். போன மாதம்கூட, காய்ச்சலில் படுக்கும் முன், எட்டாவது புரதத்தில் இருந்தார்.

பாட்டில் விவகாரத்துக்குப் பிறகு அவருடைய ஆய்வறையில் ஒரு வழக்கம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டிலிலும் என்ன இருக்கிறது என்பதற்குக் கீழே, யார் கழுவினார்கள் என்றும் சீட்டு ஒட்டவேண்டும். மாணவர்கள் சிரிப்பார்கள். எந்த முடிவைக் கொண்டுபோனாலும், அது எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், அவர் முதலில் கேட்பது அதுதான்: "யார் கழுவினது?" பரீட்சை வினாத்தாள் வெளியே போய்விட்டது என்று நான் ஒருமுறை மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோதும் அதையே கேட்டார்.

அன்று அரியலூரில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பார்த்தேன். அவருடைய தங்கை உள்ளே போய்ச் சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து, "இத்தனை வருஷமா மேசை மேலேயே வச்சிருந்தாங்க. உங்க பேருல்ல இருக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்தார். மீன்சுருட்டிச் சங்கத்துப் பால் பாட்டில். மங்கிய சீட்டில் அவர் கையெழுத்து: கழுவியவர், கோவிந்தசாமி.

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாளிலிருந்து கிளம்பினேன். ஒரு தாளில் பெயர்களை எழுதினேன். இன்னொரு தாள் தேவைப்பட்டது. அவரை அறிந்த ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொன்னேன். மீன்சுருட்டிக்குப் போனபோது அஞ்சலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தனத்தின் பெண்பிள்ளைகள் இரண்டும் விடுமுறைக்கு வந்து வைக்கோல் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. நான் செய்தியைச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. என் வாயிலிருந்து வருவதை எப்படி எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலைம்மா. நானே போய்ப் பார்த்துட்டு வரேன்."

அவர் வாளியை வைத்துவிட்டு அந்தக் காலை நீட்டி அங்கேயே தரையில் உட்கார்ந்தார். அழுதார். நான் சொன்ன ஒன்றை அந்த வீட்டில் நம்பினார்கள்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாட்டிலும் அந்தக் கேள்வியும்தான். பாட்டில் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நேற்று கொதிக்கிற தண்ணீரை உள்ளே ஊற்றி அதைக் கழுவினேன். சீட்டு நனையாமல்.